டீச்சர் வயிற்றில் அரம்

கொரோதவா மருத்துவமனை, பல் பிரிவு
3 செப்டம்பர் 1996, செவ்வாய்

திதிலியா டீச்சருக்கு,

தட்டில் ஆறு அரங்கள் இருக்க வேண்டும். ஐந்துதான் இருக்கின்றன. தரையைத் தேடினேன். உறிஞ்சு குழாயைக் கழற்றிப் பார்த்தேன். என் செருப்பின் அடியைக்கூடப் பார்த்தாகிவிட்டது. ஆறாவது உங்களுக்குள் இருக்கிறது.

“என்னமோ உள்ள போச்சு” என்றீர்கள். “அசையாம உட்காருங்க, எக்ஸ்ரே எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரே அறைச் சாவி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் நாற்காலி காலி. வாய் கொப்பளிக்கப் போகிறேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாகப் படகுத்துறைக்கு ஓடியிருக்கிறீர்கள். நாற்பத்தோரு வயதில், ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை!

அது பல்லின் வேரைக் குடையும் எஃகு அரம். இருபத்தைந்து மில்லிமீட்டர் நீளம், திருகாணி மாதிரி முறுக்கு, ஊசி முனை. நீங்கள் இருமவில்லை, மூச்சு திணறவில்லை. ஆகவே நுரையீரலுக்குப் போகவில்லை, வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். நினைப்பது போதாது, படம் வேண்டும். பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும். சில சமயம் குடலைக் குத்தும். வயிற்று வலி, காய்ச்சல், வாந்தி, கறுப்பாக மலம், இதில் எது வந்தாலும் கிடைக்கிற படகில் ஏறுங்கள். எதுவும் வராவிட்டாலும் வெள்ளிக்கிழமைப் படகில் வாருங்கள்.

தவறு என்னுடையது. அரத்தின் பிடியில் நூல் கட்டியிருக்க வேண்டும். நூல் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. இன்னொரு தவறும் உண்டு. வாய் திறந்து கிடக்கிற வதுசோலித் தீவுக்காரி ஒருத்தி பதில் சொல்ல முடியாமல் என் கையில் மாட்டுவது வாழ்நாளில் ஒருமுறைதான் நடக்கும் என்று நினைத்து, “உங்க பாட்டுக்குழு வாயைத் தொறந்தா மீனெல்லாம் எங்க தீவுப் பக்கம் ஓடி வந்துருதாமே டீச்சர்” என்றேன். நீங்கள் பதில் சொல்லப் பார்த்தீர்கள். நாக்கு எழும்பியது, அரம் போய்விட்டது.

ரேடியோ தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். தபால் அலுவலக வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் கேட்பார்கள். அதனால் கடிதம், மீன் படகில்.

கிதியோனே
பல் மருத்துவர்

*

வதுசோலி
5 செப்டம்பர், வியாழன்

அன்புள்ள மீன்முள் சப்பிக்கு,

நீ ஒட்டி அனுப்பிய கடிதம் ஒட்டியபடியேதான் வந்தது. ஆனால் அதைக் கொண்டுவந்த படகுக்காரன் என் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்துக்கொண்டே கொடுத்தான். உன் நர்ஸுக்கு வாயில் பூட்டு கிடையாது என்று தெரிகிறது.

நான் நன்றாக இருக்கிறேன். நேற்று இரண்டு தட்டு மரவள்ளி, தேங்காய்ப்பாலில் கீரை, அதன்மேல் பெரிய மீன் தலை ஒன்று. தலை, கவனி. உங்கள் தீவில் தலையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு முள்ளைச் சப்புவீர்களே, அந்தத் தலை.

சட்டம் பேசுவோம். உன் தீவும் என் தீவும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். தவூ உறவு. உன்னை நான் என்ன வேண்டுமானாலும் திட்டலாம், என்னை நீ திட்டலாம், கோபப்பட்டவன் தோற்றவன். என் வீட்டு வாசலில் இருந்து நீ பன்றியை ஓட்டிக்கொண்டு போனாலும் நான் திருப்பிக் கேட்கக் கூடாது. அப்படியிருக்க, ஒரு சின்ன அரத்தை நான் எடுத்துக்கொண்டதற்கு அரசாங்க முத்திரை போட்ட தாளில் கடிதமா? வெட்கமாக இல்லை?

அடுத்தது. பதினான்காம் தேதி சனிக்கிழமை உங்கள் ஊர்ச் சர்ச் மைதானத்தில் பாட்டுப் போட்டி. பதினோரு வருடத்துக்குப் பிறகு எங்கள் குழு போகிறது. நடத்துவது நான். இந்தச் சமயம் பார்த்து “வா, படுக்கையில் படு” என்கிறாய். உன் ஊர்க் குழு சொல்லிக்கொடுத்ததா? லஞ்சமாக எத்தனை சட்டி யகோனா வாங்கிக் குடித்தாய்?

நெமானிக்கு மட்டும் சொன்னேன். பழைய ரேடியோவை உடைத்து அதிலிருந்த காந்தத்தை எடுத்து என் வயிற்றின்மேல் வைத்து இழுத்துக்கொண்டிருக்கிறார். “இங்க இழுக்குது பாரு, இங்க இழுக்குது பாரு” என்கிறார். இழுத்தது என் பாவாடை ஊக்கு. இருபது வருடம் வாழ்ந்த புருஷன்.

நாற்காலியில் நான் சொல்ல வந்த பதில்: மீனெல்லாம் உங்கள் பக்கம் வருவது உண்மைதான், எங்கள் பாட்டைக் கேட்டு அழுது முடித்துவிட்டு, சாக இடம் தேடி வருகின்றன. இதைச் சொல்ல முடியாமல் விழுங்கினேனே, அரத்தைவிட அதுதான் உறுத்துகிறது.

திதிலியா

*

பல் பிரிவு
6 செப்டம்பர், வெள்ளி

டீச்சர்,

காந்தத்தைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். அது காந்தம் பிடிக்காத எஃகு. பிடித்தாலும் விபரீதம், முனை குடல் சுவரில் ஏறிவிடும். நெமானி அண்ணனிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

பேதி மருந்து குடிக்காதீர்கள். கடல் தண்ணீர் குடிக்கச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். மரவள்ளி, சேம்பு, வாழைப்பழம், கீரை நிறையச் சாப்பிடுங்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் பார்க்க வேண்டும். பழைய தேங்காய்ப்பால் வடிகட்டி இருந்தால் போதும். பிறகு அதைச் சமையலறைக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள். இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது, உங்கள் தீவு ஆட்களை எனக்குத் தெரியும்.

அரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். அந்தக் கேள்விக்கு உறவுமுறையில் பதில் கிடையாது. எக்ஸ்ரேயில்தான் உண்டு.

எங்கள் குழுவுக்காகச் சதி செய்கிறேன் என்கிறீர்கள். பதினாறு வயதில் எங்கள் பாஸ்டர் என்னைக் குழுவிலிருந்து விலக்கினார். “தம்பி, நீ கதவுகிட்ட நின்னு வர்றவங்கள உட்கார வை” என்றார். இன்றுவரை கதவருகில்தான் நிற்கிறேன். எங்கள் குழு ஜெயித்தாலும் தோற்றாலும் எனக்கு ஒன்றுமில்லை.

தலைநகர் சுவாவில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன். நூல் கட்டாததையும் எழுதினேன், கிண்டல் செய்ததையும் எழுதினேன். பெரிய டாக்டர் படித்துவிட்டு, “இந்த ரெண்டாவது விஷயத்த எழுதணுமாடா?” என்று கேட்டார். நடந்தது அதுதானே என்றேன்.

செவ்வாய்க்கிழமைப் படகில் வாருங்கள். அரை நாள் வேலை.

கிதியோனே

*

வதுசோலி
8 செப்டம்பர், ஞாயிறு

தம்பி,

சர்ச் முடிந்து வந்து எழுதுகிறேன். இதில் கேலி இல்லை, தேடாதே.

நேற்று ஒத்திகையில் மூன்றாம் பாட்டின்போது வலது பக்கம், இடுப்பு எலும்புக்கு உள்ளே, சுருக்கென்று பிடித்தது. கையை உயர்த்தியபடியே நின்றேன். குழுவில் யாருக்கும் தெரியவில்லை. பாட்டு முடிந்தபோது போய்விட்டது. காய்ச்சல் இல்லை. வடிகட்டியில் ஒன்றும் இல்லை. இன்றைக்கு ஐந்தாம் நாள்.

நெமானியிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

ஏன் வரவில்லை என்று கேட்டால், போட்டி ஒரு காரணம். இன்னொன்று, படத்தில் அது தெரிந்துவிட்டால் அறுவைக்கு என்னைச் சுவாவுக்கு ஏற்றிவிடுவீர்கள். என் அக்கா வயிற்று வலி என்று சுவாவுக்குப் போனாள். படகில் ஏறும்போது கையாட்டிச் சிரித்தாள். இரண்டு வாரம் கழித்து அதே படகில் பெட்டியில் வந்தாள். அவளுக்கு வந்தது வேறு நோய் என்று எனக்குத் தெரியும். நான் டீச்சர், முட்டாள் இல்லை. ஆனாலும் அந்தப் படகைப் பார்த்தால் கால் போகவில்லை.

பதினான்காம் தேதி பாடி முடித்துவிட்டு நேராக உன் எக்ஸ்ரே அறைக்கு வருகிறேன். ஆறு நாள்தான். சத்தியம்.

திதிலியா

*

பல் பிரிவு
9 செப்டம்பர், திங்கள்

டீச்சர்,

உங்கள் கடிதத்தை இன்று காலை மீன் படகு கொண்டுவந்தது. வலது பக்கக் கீழ்வயிறு என்பது குடல்வால் இருக்கிற இடம். இந்த மாதிரிச் சாமான்கள் போய்ச் சிக்கிக்கொள்ள மிகவும் விரும்புகிற இடமும் அதுதான். ஆறு நாள் கிடையாது.

கேட்டுப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். இனி கேட்கப் போவதில்லை. என் பெரியப்பா நாளைக் காலை உங்கள் ஊர்த் தலைவர் முன் மண்டியிட்டுத் திமிங்கிலப் பல் வைப்பார். தலைவர் அதைக் கையில் வாங்கிவிட்டால் நீங்கள் வந்தே தீர வேண்டும், அது உங்களுக்கும் தெரியும். இந்தச் சடங்குகளில் எனக்குப் பொறுமை கிடையாது, அது பெரியப்பாவுக்கும் தெரியும். “எக்ஸ்ரே எடுக்கறதுக்குப் பல்லாடா?” என்று நாலு முறை கேட்டார். ஆமாம் என்றேன்.

சுவாவுக்கு ஏற்றுவதாக இருந்தால் அந்தப் படகில் நானும் வருவேன். இதை அறிக்கையில் எழுதவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

கிதியோனே

*

பெண்கள் வார்டு, மூன்றாம் கட்டில்
11 செப்டம்பர், புதன்

பல் பிரிவு மருத்துவருக்கு,

உங்கள் அறை இங்கிருந்து நாற்பது அடி. ஜன்னல் வழியாக உங்கள் மண்டை தெரிகிறது. ஆனாலும் பேசுவதாக இல்லை. அதனால் நர்ஸ் கையில் இந்தக் கடிதம். இரண்டு முறை எட்டிப் பார்த்தீர்கள், நான் தூங்குவதுபோல் கிடந்தேன். தூங்கவில்லை. தெரிந்துகொள்ளுங்கள்.

நேற்று என்ன நடந்தது என்று உங்கள் பெரியப்பா முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன்.

வெள்ளைச் சட்டை, நல்ல பாய், உறவுக்காரர்கள் நாலு பேர், கையில் திமிங்கிலப் பல். எங்கள் ஊரில் ஒரு வாலிபன் வீட்டார் இப்படி வந்து மண்டியிட்டால் அதற்கு ஒரே காரணம்தான். எந்தப் பெண் என்று தெரிய வேண்டியதுதான் பாக்கி. ஊரே கூடிவிட்டது. பெண் பிள்ளை வைத்திருக்கிற அம்மாக்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பாவோ முறை தவறாத மனிதர். மூதாதையிலிருந்து தொடங்கினார், கடலைச் சொன்னார், காற்றைச் சொன்னார், இரண்டு ஊர்த் தலைவர்கள் பேரையும் ஏழு தலைமுறைக்குச் சொன்னார். பிறகு, “எங்க வீட்டுப் பையன் கையால ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க திதிலியா டீச்சருக்கு” என்றார். மூச்சு வாங்க நிறுத்தினார்.

நிறுத்தக் கூடாத இடம் அது!

நெமானி எழுந்து நின்றுவிட்டார். எங்கள் தலைவர், பாவம், எழுபது வயது, பல்லை வாங்க நீட்டிய கையை நீட்டினபடியே வைத்துக்கொண்டு, “டீச்சரா?” என்றார். பின்னால் யாரோ ஒருத்தி, “அதான் பல் வலி பல் வலின்னு வாரா வாரம் போனாளா!” என்றாள். நான் கூட்டத்தின் நடுவே நின்று, “அரம்! அரம்! நான் அரத்த முழுங்கிட்டேன்!” என்று கத்தினேன். அப்புறம் சிரிக்கத் தொடங்கினார்கள் பார். தலைவர் சிரித்த சிரிப்பில் அவருக்கே விக்கல் வந்துவிட்டது. விக்கலோடுதான் பல்லை வாங்கினார். “போம்மா, போயிட்டு வா. தனியா போகாத, குழுவையும் கூட்டிட்டுப் போ. எப்படியும் சனிக்கிழம அங்கதான பாடணும்” என்றார்.

அதனால்தான் முப்பத்தோரு பேர் உன் மருத்துவமனை வராந்தாவில் படுத்திருக்கிறார்கள். புகார் இருந்தால் என் தலைவரிடம் சொல்.

நேற்று மாலை படம் பார்த்தேன். என் எலும்புகளுக்கு நடுவே அவ்வளவு சின்னதாக, அவ்வளவு வெள்ளையாக. கையில் அடங்குகிற ஒரு குச்சி. அதைப் பார்த்ததும் பயம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி பெரிய டாக்டர், “சனிக்கிழமை எழுந்து நிற்கக்கூடாது” என்று சொன்னதும் கோபமாகிவிட்டது. அந்தக் கோபம் முழுதும் உன் கணக்கில்.

திதிலியா

*

பல் பிரிவு
13 செப்டம்பர், வெள்ளி

டீச்சர்,

நல்ல செய்தி, வரிசையாகச் சொல்கிறேன்.

செவ்வாய்ப் படத்தில் அரம் வலது பக்கம் கீழே, பெருங்குடலின் வாசலில் இருந்தது. அசையாமல் இருந்தால் அறுவை. இன்று காலைப் படத்தில் அது அங்கே இல்லை. மேலே ஏறி, குறுக்கே போய், இடது விலாவுக்குக் கீழே கீழ்நோக்கித் திரும்பியிருக்கிறது. குடல்வாலைத் தாண்டிவிட்டது. பிடி முன்னால், முனை பின்னால். இதைவிட ஒழுங்காக அது போக முடியாது. படத்தைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடினேன், உங்கள் குழுவின் மேல் தடுக்கி விழுந்தேன். நீங்கள் இந்த முறை நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

பெரிய டாக்டரிடம் ஒரு மணி நேரம் வாதாடினேன். நிபந்தனைகள்:

பன்னிரண்டு நிமிடம் மட்டும் நிற்கலாம், பாட்டுக்கு முன்னும் பின்னும் நாற்காலி. குதிக்கக் கூடாது. உங்களுக்குக் கை தட்டும்போது குதிக்கிற பழக்கம் உண்டாம், நெமானி அண்ணன் காட்டிக்கொடுத்துவிட்டார். நான் பந்தலுக்குப் பின்னால், கழிப்பறைக்குப் பக்கத்தில், எனாமல் பாத்திரத்தோடு நிற்பேன். வயிற்றில் கொஞ்சம் அசைந்தாலும் பாட்டை விட்டுவிட்டு வர வேண்டும்.

கடைசி நிபந்தனைக்கு உங்கள் வாயால் ஒப்புக்கொண்டால்தான் அனுப்புவார். நாற்பது அடி நடந்து வந்து சொல்லுங்கள்.

கிதியோனே

*

வதுசோலி
17 செப்டம்பர், செவ்வாய்

அன்புள்ள தவூ,

பந்தலுக்குப் பின்னால் நடந்தது உனக்குத் தெரியும். உள்ளே நடந்தது எனக்கே வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. நெமானி சொன்னதை எழுதுகிறேன்.

முதல் பாட்டு நன்றாகப் போயிற்று. இரண்டாவதில், கடைசிப் பல்லவியைத் திரும்பப் பாட நான் இடது கையை மேலே தூக்கினேன். அந்த நொடியில் வயிறு பேசியது. கொஞ்சம் அசைந்தாலும் வருகிறேன் என்று உன் முன்னால் நின்று சொன்ன வாக்கு. போனேன். ஓடினேன் என்று சிலர் சொல்கிறார்கள், அது பொய், வேகமாக நடந்தேன்.

என் குழுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எட்டு மாதம் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. என் கை இறங்கினால்தான் பல்லவியை முடிக்கலாம், இறங்காவிட்டால் திரும்பப் பாட வேண்டும். நான் கையை இறக்காமலே போய்விட்டேன்.

அவர்கள் திரும்பப் பாடினார்கள். மறுபடியும் பாடினார்கள். நாலாவது முறை நடுவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்களாம். ஆறாவது முறை பெண்கள் வரிசையில் ஒருத்தி, ஆண்கள் வரிசையில் பாடிக்கொண்டிருந்த நெமானியைப் பார்த்து, “அண்ணே, நிறுத்தலாமா?” என்று பாட்டின் ராகத்திலேயே கேட்டாளாம். நெமானி அடிக்குரலில், அதுவும் ராகத்திலேயே, “அவ கை எறங்கல, பாடு” என்றாராம். எட்டாவது முறை உங்கள் ஊர்க் குழு, அடுத்துப் பாட வரிசையில் நின்றவர்கள், சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் பல்லவி மனப்பாடமாகிவிட்டது.

அப்போதுதான் உன் குரல். பந்தல் துணி கிழியும்படி: “வந்துருச்சு! முழுசா இருக்கு! முனை உடையல!”

பாஸ்டர் உன்னைக் கதவருகில் நிறுத்தியது ஏன் என்று அந்தக் குரலைக் கேட்டதும் புரிந்தது. அவ்வளவு கோரம். ஆனால் என் வாழ்நாளில் அதைப்போல் ஒரு குரலை நான் கேட்டதில்லை தம்பி. கழிப்பறைக்குள் உட்கார்ந்துகொண்டு அழுதேன். நீ வெளியே “டீச்சர், டீச்சர், வலிக்குதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். இல்லை. வலிக்கவில்லை.

திரும்பி வந்தபோது பந்தல் முழுதும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தது. நடுவர்களும். நான் முன்னால் போய் நின்று கையை மறுபடி தூக்கி, இறக்கினேன். பதினோராவது முறையில் முடிந்தது. பிறகு கை தட்டினார்கள், நான் குதித்தேன். இனி யார் கேட்பது?

நேரம் மீறியதற்காக எங்களை மூன்றாவதாக்கிவிட்டார்கள். ஊர் முழுக்கக் கொண்டாட்டம். நான்காவது யார் என்பதை நீ உன் ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள். மொத்தமே நாலு குழு.

திதிலியா

*

பல் பிரிவு
20 செப்டம்பர், வெள்ளி

டீச்சர்,

உங்கள் பல் இன்னும் பாதியில் திறந்து கிடக்கிறது. இன்னும் ஒரு வாரம் விட்டால் வீங்கும். செவ்வாய்க்கிழமைப் படகு, பத்து மணி. எல்லா அரங்களுக்கும் நூல் கட்டிவிட்டேன். முன்வாசல் வழியாகத்தான் வெளியே விடுவேன்.

சுவாவிலிருந்து பதில் வந்தது. ஒரு எச்சரிக்கைக் கடிதம், நியாயமானது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் இரண்டு நாள் அங்கே போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். அதுவும் நியாயம்தான். நான் சண்டை போடாததில் பெரிய டாக்டருக்கு ஆச்சரியம்.

அறிக்கையை முடிக்கிற படிவத்தைச் சனிக்கிழமை அங்கேயே, பந்தலுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து நிரப்பினேன். எழுத்து கோணலாக விழுந்தது. சாமான் முழுதாக வெளிவந்ததா, ஆம். நீளம் அளந்து பார்க்கப்பட்டதா, ஆம். அறுவை தேவைப்பட்டதா, இல்லை. கடைசியில் “நோயாளியின் தற்போதைய நிலை” என்று ஒரு கட்டம். நலம், கண்காணிப்பில், கவலைக்கிடம் என்று மூன்று பெட்டிகள். ஒன்றில் குறி போட வேண்டும். பந்தலுக்குள் அப்போது எல்லோரும் சாப்பாட்டுக்கு முன் இன்னொரு பாட்டை ஆரம்பித்திருந்தார்கள், உங்கள் குரல் தனியாகக் கேட்டது.

மூன்று பெட்டிகளையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்: “பாடிக்கொண்டிருக்கிறார்.” சுவாவில் அதை அடிக்கவில்லை. அப்படியே முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள்.

கிதியோனே